விடியும்வரை சொல்லாதவள்

எனக்கு நன்றாகப் பேச வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த தப்புக்கு அதுதான் ஆரம்பம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் க்யூ.சி.யாக இருந்தேன். லைன் லைனாகப் போய், மெஷினிலிருந்து வருகிற பீஸை எடுத்து அளந்து, சரி, சரியில்லை என்று எழுதுகிற வேலை. அதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாருக்காவது லீவு வேண்டும், ஓ.டி. வேண்டாம், ஷிஃப்ட் மாற்ற வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் என்னைத்தான் தூது அனுப்புவார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கவுண்ட், அதாவது அன்றைக்கு வர வேண்டிய பீஸ் எண்ணிக்கை, குறைந்தால் மனுஷன் எரிந்து விழுவார். அந்த நேரத்தில் யார் எதிரே போனாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மட்டும் அவருடைய நேரம் அத்துப்படி. காலை எட்டரைக்கு டீ வரும். பாதி கப் காலியானதும் அவர் முகம் தெளியும். அப்போது பக்கத்தில் போய், “சார், ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தால் போதும். நான் தூது போய்க் காரியம் நடக்காமல் திரும்பியதே இல்லை என்று லைனில் எனக்கு நல்ல பெயர்.

இந்த வித்தையை வேதத்திலிருந்து கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தேன். பழைய ஏற்பாட்டில் ஒரு பெண் வருகிறாள். சபைக்குப் போகிறவர்களுக்கு யாரென்று தெரியும். மற்றவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். அவள் கணவன் ஆடு மாடு நிறைய உள்ள பணக்காரன், வாய் மோசமானவன். அவனுடைய மந்தையை வனாந்தரத்தில் காத்துக் கொடுத்த வீரன் ஒருவன், பின்னாளில் ராஜாவாகப் போகிறவன், சாப்பாடு கேட்டு ஆள் அனுப்புகிறான். இவன் கேவலமாகப் பேசி விரட்டிவிடுகிறான். வீரன் நானூறு பேரோடு பட்டயம், அதாவது வாள், கட்டிக்கொண்டு கிளம்புகிறான், அந்த வீட்டில் ஓர் ஆணையும் விட்டுவைப்பதில்லை என்று. வீட்டு வேலைக்காரன் ஓடிப்போய் அவளிடம் சொல்கிறான். அவள் அப்பம், திராட்சை வற்றல், அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு எதிரே போய், தரையில் விழுந்து, பணிவாகவும் பயமில்லாமலும் பேசி அந்தப் படையையே திருப்பி அனுப்புகிறாள். வீட்டுக்கு வந்தால் கணவன் விருந்து வைத்துக் குடித்துக் கிடக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடிந்து, போதை தெளிந்த பிறகுதான் நடந்ததைச் சொல்கிறாள்.

அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. வல்லம் வடகாலில் தகரக் கூரை போட்ட எங்கள் ஜெப வீட்டில், ஷிஃப்டுக்குப் போகிற பெண்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம் நடக்கும். அதில் அவளைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். தைரியம் என்றால் கத்துவது இல்லை, நேரம் பார்ப்பது என்றேன். சூடாக இருக்கிறவனிடம் உண்மையைச் சொல்வதும் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்று என்றேன். ‘காலைவரை பொறுத்துக்கொள்’ என்று முடித்தபோது நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் ரூம் தோழி மட்டும் வரும் வழியெல்லாம் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். என் வயதுதான். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே ரூமில், ஒரே ஸ்டவ்வில், மூன்று வருஷம்.

“ஏளா, நல்லாத்தான் பேசுன. ஆனா அவ கழுத மேல ஏறிப் போனத ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டியே. எரநூறு அப்பம் கொண்டு போனான்னு போட்டிருக்குல்லா? அதயெல்லாம் அவசர அவசரமா எடுத்து வைக்க எம்புட்டு வேல இருந்திருக்கும்? அதச் சொல்லல நீ.”

“அடிப்போடி. அது சமையக்கட்டு விஷயம். நான் சொன்னது பெரிய விஷயம்.”

“ஆமாமா. சோறு போடுதவளுக்குத்தான தெரியும், எது பெரிய விஷயம்னு” என்றாள். சிரித்துக்கொண்டே போனோம்.

எங்கள் ரூமில் ஒரு சட்டம் இருந்தது. அவள் போட்டது. ரூமுக்குள் கம்பெனிப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தவள் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். எட்டு மணி நேரம் அங்கே நிற்கிறது போதாதா, இங்கேயும் அதே லைன், அதே கவுண்டா என்பாள். அவளுக்கு ரூம் ரூமாகவே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நான்தான் அடிக்கடி மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். பிறகு பழகிவிட்டது.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கை வேறு ஏதாவது வேலையைத் தேடுகிறது.

ஒரு வியாழக்கிழமை, காலை ஏ ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது, தகட்டை அழுத்திப் பீஸ் செய்கிற மூன்றாம் நம்பர் ப்ரெஸ்ஸில் பீஸ் எடுக்கப் போனேன். அந்த ப்ரெஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம் இருக்கும். அதுதான் சென்சார். இரண்டுக்கும் நடுவில் கை போனால் மேலே சிவப்பு விளக்கு எரியும், ப்ரெஸ் இறங்காது. கால் தெரியாமல் பெடலை மிதித்தாலும் இறங்காது. மெஷின் சும்மா நின்றிருந்தது. நான் கையை விட்டுப் பீஸை எடுத்தேன். விளக்கு பச்சையாகவே இருந்தது. சந்தேகப்பட்டு மறுபடி விட்டேன். பச்சை. வேகமாக ஓட்ட யாரோ சாவியைத் திருப்பிச் சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“சார், மூணாம் நம்பர்ல சென்சார் வேலை செய்யல.” இவ்வளவுதான் வாக்கியம். சொல்லிப் பாருங்கள், மூச்சு கூட வாங்காது.

திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசர் லைன் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மறுநாள் கஸ்டமர் வருகிறார்கள், கவுண்ட் குறைவு. “இன்னா பண்ணிக்கினு கீறீங்க எல்லாரும்? தூங்கிக்கினு கீறீங்களா?” அவர் கழுத்து நரம்பு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. இப்போது போய் மெஷினை நிறுத்தச் சொன்னால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாளைக்கு எட்டரைக்கு, டீ நேரத்தில், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த முடிவு எடுத்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் விவேகம் என்று நினைத்தேன். பயத்துக்கு நான் வைத்திருந்த பெயர் அது.

ப்ரெஸ்ஸை ஓட்டுகிற ஆளிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைத் தினம் கேட்கிறேன். அவனிடம் சொன்னால் அவன் நிறுத்துவான். நிறுத்தினால் யார் சொன்னது என்று கேள்வி வரும். பக்குவமாகப் பேசுகிறவள் என்ற பெயர் கெடும். சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டினால் மெஷினை யாரும் தொட மாட்டார்கள். அந்தச் சீட்டுக் கட்டு என் பாக்கெட்டிலேயே இருந்தது. ஒட்டவில்லை.

அன்று சாயங்காலம் ரூமில் நான் தக்காளிச் சட்னி அரைத்தேன். அவள் தோசை ஊற்றினாள். மறுநாள் அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததில் மிக்ஸியை அணைக்க மறந்துவிட்டேன். அவள் தோசைக் கரண்டியால் என் தோளில் தட்டினாள்.

“என்னளா யோசன?”

“ஒண்ணுமில்ல. கம்பெனில...” என்று வாயைத் திறந்தேன்.

“ஆ! கம்பெனியா? அப்போ பாத்திரம் உனக்கு!” என்று குதித்தாள்.

நான் சிரித்து, “ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலப்பா” என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று அவள் முறை. அவள்தான் கழுவினாள். மறுநாளோடு அவளுக்கு அந்த வேலை எப்போதைக்குமாக முடியப் போகிறது என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு லைனில் மீட்டிங். எல்லாரும் வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்க க்யூ.சி. ரூமுக்குள் போய்விட்டேன். அதனால் மூன்றாம் நம்பர் ஆள் வரவில்லை என்பதும், ஏற்கெனவே ப்ரெஸ் ஓட்டிப் பழக்கமிருக்கிறது என்று பேக்கிங்கிலிருந்து என் தோழியை அங்கே நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

எட்டரைக்கு டீ வந்தது. நான் வெளியே வந்து சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றேன். அவர் ஊதி ஊதிக் குடித்தார். முதல் இரண்டு மடக்கில் முகம் இறுக்கமாகவே இருந்தது. நான் கஸ்டமர் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று சும்மா கேட்டேன். மூன்றாவது மடக்கு. கப் பாதியானது. கொஞ்சம் சிரித்தார்.

“சார், ஒரு சின்ன விஷயம்” என்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ப்ரெஸ் இறங்குகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறதுதான், அது வேறு. இது அதற்குப் பின்னால் வந்த குரல். தெற்கத்திக் குரல். ‘எம்மா’ என்று கூப்பிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். பீஸ் சிக்கிக்கொண்டது, எடுக்கக் கை விட்டிருக்கிறாள், கால் பெடலில் இருந்திருக்கிறது. சென்சாரை நம்பித்தானே எல்லாரும் கை விடுகிறோம்.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் நாள் போனேன். வெறுங்கையோடு போக முடியாமல் ரொட்டி, திராட்சை, ஆரஞ்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் பையை நிறைத்துக்கொண்டு போனேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். ஊரிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். பையை எட்டிப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்.

“அப்பம் இருக்கு, திராட்ச இருக்கு. அத்திப்பழ அட எங்க ளா? கழுதய எங்க கெட்டிப் போட்டிருக்க?”

நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன். திரும்பி வந்து சொல்லிவிட வேண்டும் என்றுதான் முகத்தைக் கழுவினேன். உள்ளே வந்தால் அவள் அம்மா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற நேரத்தில் எப்படி என்று விட்டேன். அடுத்த முறை போனால் காய்ச்சல். அதற்கடுத்த முறை கட்டுப் பிரித்த வலி. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தயாராக இருந்தது. பக்குவம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

நான் பக்குவம் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் கம்பெனி விசாரணை முடித்துவிட்டது. மெஷின் சரியாக இருந்தது, வேலை செய்தவரின் கவனக்குறைவு என்று ஒரு தாள். யாரோ சாவியைத் திருப்பிச் சென்சாரைப் போட்டுவிட்டிருந்தார்கள். அந்தத் தாளில் அவள் இடது கைப் பெருவிரல் ரேகையை வைத்தாள். “கையெழுத்துப் போடுத கை இல்லல்லா” என்று என்னிடம் சொன்னாள், ஏதோ சிரிப்புக்குச் சொல்வதுபோல. தன் தப்புதான் என்று நம்பியே வைத்தாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், யாரும் இல்லாத ரூமில் வேதத்தில் அந்தப் பெண் வருகிற அதிகாரத்தை மறுபடி படித்தேன். கூட்டத்தில் பேசுவதற்காக எத்தனை முறை படித்திருப்பேன். அவள் தீவிரமாக, அதாவது ஒரு நொடி தாமதிக்காமல், போனாள் என்று இருக்கிறது. வீரனைப் பார்த்ததும் தீவிரமாகக் கழுதையை விட்டு இறங்கினாள் என்று இருக்கிறது. வேலைக்காரன் சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் எங்கேயும் நிற்கவில்லை. கோபத்தின் உச்சியில், பட்டயத்தோடு வருகிற நானூறு பேருக்கு நேரே போய்ப் பேசினாள். அவர்கள் டீ குடித்து முடிக்கக் காத்திருக்கவில்லை. கணவனிடம் காலைவரை சொல்லாமல் இருந்தாளே, அது எல்லா உயிரும் தப்பிய பிறகு. அதன்பின் அவள் பொறுத்ததால் யாருக்கும் ஒரு நகம் கூடப் போகவில்லை. நான் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டு, அதுதான் தலை என்று இத்தனை பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் தோழி அன்றைக்கே கண்டுபிடித்துச் சொன்னாள். சமையக்கட்டு விஷயம் என்றேன்.

அவளை ஊருக்கு அழைத்துப் போக முடிவானது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றோம். அங்கிருந்து ரயில். அவள் அம்மா எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் துப்பட்டாவால் வலது கையை மூடியிருந்தாள்.

“எங்கம்மா தெனமும் கேக்கா” என்றாள். “ஏன் தாயி கவனமில்லாம கால வச்சேன்னு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். எனக்கே தெரியல. ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்கு. நாந்தான ளா கெடுத்துக்கிட்டேன்?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “உன் தப்பு இல்லடி” என்றேன். “சென்சார் ஆஃப்ல இருந்துச்சு. நான் பாத்தேன்.”

அவள் என்னையே பார்த்தாள்.

“எப்போ பாத்த?”

“முந்தின நாள். ஷிஃப்ட் முடியறப்போ. காலைல அவராண்ட சொல்லலாம்னு...”

அவள் ரோட்டைப் பார்த்தாள். மனசுக்குள் எதையோ ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்ப்பதுபோல் உதடு லேசாக அசைந்தது. பஸ் வந்தது. ஏற்றிவிடலாம் என்று முழங்கையைப் பிடிக்கப் போனேன். “தொடாத” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். அவள் அம்மா மட்டும் ஜன்னலில் இருந்து எனக்குக் கை காட்டிக்கொண்டே போனார், பாவம்.

மறுநாள் காலை ஆறு மணி மீட்டிங். கவுண்ட் குறைவு என்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். உறுதிமொழிக்காக எல்லாரும் வலது கையை நீட்டினார்கள். நான் நீட்டாமல் நின்றேன். “இன்னா மா?” என்றார். அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். மூன்றாம் நம்பரில் சென்சார் முந்தின நாளே வேலை செய்யவில்லை, நான் பார்த்தேன், சொல்லவில்லை என்று. நன்றாகப் பேசுகிறவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் கூட நேராக வரவில்லை.

அவர் வழக்கம்போல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் அப்படியே பக்கத்திலிருந்த டிரேமேல் உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா, சொன்னா இன்னா பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். திட்டிக்கினே மெஷின நிறுத்தியிருப்பேனே” என்றார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் அவருடைய டீயைப் பார்த்தேனே தவிர மனுஷனைப் பார்க்கவில்லை.

தாளைத் திருத்தி எழுதினார்கள். அவள் கவனக்குறைவு என்ற வரியை எடுத்துவிட்டு, சென்சார் அணைக்கப்பட்டிருந்தது, க்யூ.சி. முன்பே பார்த்தும் தெரிவிக்கவில்லை என்று எழுதினார்கள். அது உண்மைதான், கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் அங்கிருந்து வெளியே வந்துவிட்டேன். இப்போது வாலாஜாபாத் பக்கம் வேறு கம்பெனி. இங்கே எனக்கு வாயாடி என்று பெயர். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் சத்தம் போட்டு நிறுத்தச் சொல்கிறேன், யார் எந்தக் கோபத்தில் இருந்தாலும் சரி. ஜெப வீட்டில் பேசக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

தாள் திருத்தியதும் அதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். ‘உன் பேரில் இருந்த தப்பை எடுத்துட்டாங்க. உங்கம்மாவிடம் காட்டு’ என்று எழுதினேன். அதற்கு முன்னால் நூறு தடவை போன் பண்ணியிருப்பேன், எடுக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் கோழி கூவுகிறது, அவள் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

“அம்மாட்ட காட்டிட்டேன். அன்னைக்கு சாயங்காலம் நீ சட்னி அரைச்ச, நான் தோச ஊத்துனேன். சொல்ல வந்துட்டு நிறுத்திட்டியேளா. நீ சொல்லியிருந்தாலும் பாத்திரத்த நாந்தான கழுவியிருப்பேன்.”